இரவு தங்கும் சமய முகாமா, பகல் முகாமா: பதின்பருவத் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

12 முதல் 14 வயதுக்குள் இருக்கும் மகனையோ மகளையோ இரண்டு மூன்று இரவுகள் தங்கும் சமய முகாமுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி, பெரும்பாலும் பெயர் கொடுக்க வேண்டிய கடைசி நாள் நெருங்கும்போதுதான் பெற்றோர் முன் வந்து நிற்கிறது. கூட்டாளிகள் எல்லாரும் போகிறார்கள் என்று பிள்ளை சொல்கிறது; அழைப்பவரோ வழிபாட்டுத் தலத்தில் வாரந்தோறும் வணக்கம் சொல்லிப் பழகிய ஒருவராக இருக்கிறார்; மறுத்தால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நெருக்கடியில் அனுப்புவது, அனுப்பாமல் இருப்பது என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. உண்மையில் நான்கு வழிகள் உள்ளன: இரவு தங்கும் முகாம், காலையில் சென்று மாலையில் திரும்பும் பகல் முகாம், பெற்றோரும் உடன் தங்கும் குடும்ப முகாம், இந்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு முடிவு செய்வது.

இவற்றை எடைபோடும்போது, முகாமை நடத்துபவர் எவ்வளவு பக்தியுள்ளவர் என்பதையே பெற்றோர் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அது இங்கே அதிகம் உதவாது. பகலில் சொல்லித்தரப்படுவது இருவகை முகாம்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்; மாறுவது இரவுதான். ஆகவே நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இரவை எடுத்துவிட்டால் இந்த முகாமில் எது குறைந்துபோகும் என்பதே. சிலரிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்கும். வேறு சிலர் இடம் தொலைவில் இருக்கிறது என்றோ, எப்போதும் இப்படித்தான் நடத்தி வருகிறோம் என்றோ சொல்வார்கள். அப்படியானால் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே உறங்குவதற்குக் காரணம் ஏற்பாட்டு வசதி ஒன்றே. அந்த வசதிக்காகப் பெற்றோர் ஏற்க வேண்டிய பொறுப்பு மிகப் பெரியது என்பது என் கருத்து.

இரவினால் கிடைப்பது

இரவுக்கென்றே சில நன்மைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்கள் கைப்பேசியைத் தொடாமல், வீட்டுப்பாடத்தின் நினைவும் இல்லாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் மனத்தில் ஓடுவதைக் கவனிக்கும் வாய்ப்பு அநேகமாக முதல்முறையாகக் கிடைக்கிறது. விடியற்காலை வழிபாடு, உறங்கப்போகும் முன் கடைப்பிடிக்கும் அமைதி ஆகியவற்றைப் பகல் முகாமால் தர முடியாது. 13 வயதில் வழிபாட்டைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் எழும் ஐயங்களைப் பெற்றோரிடம் கேட்கத் தயங்கும் பிள்ளைகள், இன்னொரு பெரியவரிடமும் தம் வயதுடையவர்களிடமும் அவற்றைப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சு நிகழ்ச்சி நிரலில் இல்லாத நேரத்தில்தான் நடக்கும். தன் துணியைத் தானே மடித்துவைத்து, தன் படுக்கையைத் தானே சுருட்டிவைக்கும் பழக்கமும் சிறிய நன்மையன்று.

ஒதுங்கியிருந்து தியானிப்பதைப் பற்றிச் சமய மரபுகளே நுட்பமாகச் சிந்தித்திருக்கின்றன. கத்தோலிக்க மரபில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். முழுமையாகச் செய்தால் ஏறத்தாழ 30 நாட்கள் நீளும் அந்தப் பயிற்சிகளின் தொடக்கத்தில் வழிகாட்டுபவருக்கான 20 முன்குறிப்புகள் உள்ளன. வீட்டையும் நண்பர்களையும் விட்டு வேறிடத்தில் தங்கிச் செய்பவருக்குப் பயன் கூடுதல் என்கிறது 20ஆவது குறிப்பு. அதற்கு முந்தைய குறிப்போ, அலுவல்களை விட முடியாதவர் தம் அன்றாட வாழ்க்கையில் இருந்தபடியே, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அவற்றைச் செய்யலாம் என்கிறது. பயிற்சிகளை அவரவர் வயதுக்கும் கல்விக்கும் திறனுக்கும் ஏற்ப மாற்றித் தர வேண்டும் என்கிறது 18ஆவது குறிப்பு. தங்கினால்தான் தியானம், இல்லாவிட்டால் அது அரைகுறை என்று எவரேனும் பெற்றோரிடம் சொன்னால், ஒதுங்கித் தியானிப்பதை ஒரு முறையாகவே வகுத்துத் தந்தவர் அப்படிச் சொல்லவில்லை என்று நினைவூட்டலாம். விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியான மரபில் எஸ். என். கோயங்கா வழிவந்த மையங்கள் பெரியவர்களுக்கு 10 நாள் பயிற்சியை நடத்தினாலும், சிறுவர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானத்தை மட்டும், அதுவும் குறுகிய வகுப்புகளாகவே கற்பிக்கின்றன. இளவயதினருக்கு அளவைக் குறைத்துத் தருவது சமயத்துக்குப் புறம்பான அச்சம் அன்று என்பதற்கு இவை போதும்.

உறக்கமும் கடைசி இரவும்

ஒரு முகாமின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பேச்சாளரின் பெயரையன்று, விளக்கணைக்கும் நேரத்தையும் எழுப்பும் நேரத்தையும்தான். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும், 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும் தேவை. பருவமடையும் காலத்தில் உடலின் உட்கடிகாரமும் பின்தள்ளிப்போவதால், சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் இவர்களுக்குத் தூக்கம் எளிதில் வராது. இரவு 11.30 வரை பாடலும் வழிபாடும் நடத்தி, அதிகாலை 4.30க்கு எழுப்பும் முகாமில் ஐந்து மணி நேரங்கூட உறங்க முடியாது. ஓர் இரவு இப்படிப் போனால் பெரிய கேடில்லை. இரண்டு இரவுகள் போனபின், மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை எடுக்கும் எந்த முடிவையும் நிதானமான முடிவாகக் கொள்ள முடியாது.

பல முகாம்களில் உணர்ச்சி உச்சத்தைத் தொடும் நிகழ்ச்சி கடைசி இரவுக்கு வைக்கப்படுகிறது. விளக்குகள் தணிக்கப்படுகின்றன, மெல்லிய இசை தொடர்ந்து ஒலிக்கிறது, கண்களை மூடி, பெற்றோருக்குச் செய்த தவறுகளை நினைத்துப் பார்க்குமாறு பேச்சாளர் சொல்கிறார். முன்வரிசையில் ஒருவர் விசும்பத் தொடங்கினால் சில நிமிடங்களில் பாதி அறை அழுகிறது. அழாத பிள்ளை, தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக நினைத்துத் தலையைக் குனிந்துகொள்கிறது. பிறகு முன்னால் வந்து வாக்குக் கொடுக்கும்படி அழைப்பு வருகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடிய 13 முதல் 16 வயதினரில், தனியாக ஆடியவர்களைவிடச் சமவயதினர் உடனிருக்க ஆடியவர்கள் அதிக ஆபத்துகளை எடுத்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அந்த ஆய்வு வழிபாட்டைப் பற்றியதன்று. ஆயினும் கூட்டாளிகளின் பார்வை இந்த வயதில் முடிவுகளை எவ்வளவு அசைக்கிறது என்பதை அறிந்தவர், நள்ளிரவில் கூட்டத்தின் நடுவே 13 வயதுப் பிள்ளையிடம் வாழ்நாள் உறுதிமொழி வாங்கமாட்டார்.

இதிலும் மரபின் எச்சரிக்கை நவீன உளவியலுக்கு முந்தியது. பயிற்சி பெறுபவர் ஆறுதலும் ஆர்வமும் பொங்க இருக்கும்போது அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் நேர்த்தியும் செய்துவிடாதபடி வழிகாட்டுபவர் தடுத்து எச்சரிக்க வேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் 14ஆவது முன்குறிப்பு. தம் மகன் ராகுலனுக்குத் துறவளித்தபின், தம் தந்தை சுத்தோதனரின் வேண்டுகோளை ஏற்று, பெற்றோரின் இசைவின்றி எந்த மகனுக்கும் துறவளிக்கக் கூடாது என்று புத்தர் விதித்ததாகப் பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் கூறுகிறது. எனவே கடைசி இரவு நிகழ்ச்சியில் என்ன நடக்கும், பிள்ளைகளிடம் பொது அறிக்கையோ உறுதிமொழியோ கேட்கப்படுமா, கலந்துகொள்ள விரும்பாத பிள்ளை அறையைவிட்டு வெளியே போய் உட்கார இடமும் அங்கே ஒரு பெரியவரும் இருப்பார்களா என்று கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. அது இரகசியம், வந்து அனுபவித்தால்தான் தெரியும் என்று பதில் வந்தால், அந்த முகாமைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

யார் எங்கே உறங்குகிறார்கள்

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை செயல்பட்ட அரச ஆணையம், நிறுவனங்களில் குழந்தைகள் மீது நடந்த பாலியல் வன்கொடுமைகளை விசாரித்தது. தனியமர்வுகளில் தம் அனுபவத்தைச் சொன்னவர்களில் 58.6 விழுக்காட்டினர், கொடுமை சமய நிறுவனம் ஒன்றில் நடந்ததாகத் தெரிவித்தனர். முன்வந்து பேசியவர்களைப் பற்றிய கணக்கு இது என்பதால், சமய நிறுவனங்களில் இருக்கும் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு ஆபத்து என்று இதைப் படித்துவிடக் கூடாது. பக்திச் சூழல் தானாகப் பாதுகாப்பைத் தருவதில்லை என்பதை மட்டும் அது ஐயமின்றிக் காட்டுகிறது. இதே கொடுமையைப் பற்றி இங்கிலாந்திலும் வேல்சிலும் நடந்த சுதந்திர விசாரணை, பல சமயங்களைச் சேர்ந்த 38 அமைப்புகளை ஆராய்ந்து 2021இல் அளித்த அறிக்கையில், அவற்றுள் சிலவற்றில் அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறைகள்கூட இல்லை என்று கண்டது. ஒரு சமயத்தின் குறையாக இதைப் பார்ப்பவர்கள், தங்கள் சமயத்து முகாமுக்கு மட்டும் கேள்வி கேட்காமல் பிள்ளையை அனுப்பும் தவறைச் செய்கிறார்கள்.

ஆபத்து எப்போதும் பெரியவர்களிடமிருந்தே வரும் என்று நினைப்பதும் போதாது. அமெரிக்காவில் சிறார் மீது பாலியல் குற்றம் இழைத்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் தாங்களே 18 வயதை எட்டாதவர்கள் என்று 2009இல் அந்நாட்டு நீதித்துறை வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முகாம்களில் 16, 17 வயதுத் தொண்டர்கள் 12 வயதுப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் படுப்பது வழக்கமாக இருக்கிறது. அவர்களும் பிள்ளைகள்தாமே என்று அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேலி, ஆடையைப் பிடித்து இழுத்தல், உறங்குபவரைப் படமெடுத்தல் ஆகிய அனைத்தும் விளக்கணைந்த பிறகு நடப்பவை.

ஆகவே இரவு முகாமை ஒப்புக்கொள்வதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை நுணுக்கமானவை. உறங்குமிடம் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாகவும், வயதுவாரியாகவும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இரவுக் காவலுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள், ஒருவருக்கொருவர் உறவினராக இல்லாதவர்களாக இருப்பது நல்லது. ஒரே ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனித்து உறங்கும் ஏற்பாட்டை எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குளியலறையைப் பெரியவர்களும் அதே நேரத்தில் பயன்படுத்துகிறார்களா என்பவை சிறு கேள்விகளாகத் தோன்றும். நடத்துபவர் அந்த இடத்தில் தாமே ஒருமுறையாவது இரவு தங்கியிருந்தால் உடனே பதில் சொல்லிவிடுவார். தொண்டர்களின் பின்னணியை எப்படிச் சரிபார்த்தார்கள் என்று கேட்டால், எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள் என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கும். தெரிந்தவர் என்பது ஒரு சரிபார்ப்பு முறை ஆகாது.

தனிப்பட்ட ஆலோசனை, பாவமன்னிப்பு, குருவோடு தனிச் சந்திப்பு ஆகியவை ஆன்மிக முகாமில் இயல்பானவை. இவற்றை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. பேச்சு மற்றவர்களின் காதுக்கு எட்டாமலும், பேசும் இருவர் மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியும்படியும் இருந்தால் போதும். கூடத்தின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள், திறந்த தாழ்வாரம், கண்ணாடி பதித்த கதவுள்ள அறை என்று எதுவானாலும் சரி. உணவுக்கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது பிள்ளையை மட்டும் மாடியறைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் சரியானதன்று. அழைப்பவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும் அது பொருந்தும்.

உடல்நலம் பற்றிய பேச்சை முகாமின் முதல் நாள் காலையில், பேருந்தின் பக்கத்தில் நின்றுகொண்டு பேசி முடித்துவிடக் கூடாது. வகை 1 நீரிழிவு உள்ள பிள்ளைக்கு உணவு நேரம் மாறினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் உறிஞ்சு மருந்து பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை, அது பிள்ளையின் கையருகே இருக்க வேண்டும். மருந்துக்குப் பதில் நம்பிக்கை போதும் என்று போதிக்கும் இடத்துக்கு, தினமும் மருந்து எடுக்கும் பிள்ளையை அனுப்பவே கூடாது. நோன்பு குறித்தும் முன்கூட்டியே கேட்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களுக்கே உண்ணாநோன்பைக் கடமையாக்குகிறது. இஸ்லாம் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து சலுகை அளிக்கிறது. மரபே தளர்த்தியிருப்பதை முகாம் நிர்வாகி இறுக்கிப் பிடித்தால், அவருடைய பிடிவாதத்துக்குச் சமயம் பொறுப்பாகாது. மாதவிலக்குத் தொடங்கிய, அல்லது தொடங்கும் வயதில் இருக்கும் பெண்பிள்ளை, எந்தப் பெண் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லலாம் என்பதைப் பெயரோடு அறிந்திருக்க வேண்டும். இரவில் படுக்கையை நனைக்கும் சிக்கல் இந்த வயதிலும் சிலருக்கு இருக்கிறது; அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூட்டுப் படுக்கைக் கூடம் எவ்வளவு பெரிய அச்சம் என்பதை அதன் பெற்றோர் மட்டுமே அறிவார்கள். அவர்களுக்குப் பகல் முகாமே தயக்கமில்லாத தேர்வு.

மற்ற மூன்று வழிகள்

பகல் முகாமின் பெருநன்மை, ஒவ்வொரு மாலையும் பிள்ளை வீடு திரும்புகிறது என்பதே. அன்று கேட்டதை இரவுச் சாப்பாட்டின்போது அரைகுறையாகவேனும் சொல்கிறது. ஒரு கதை அதை அச்சுறுத்தியிருந்தால் அன்றே தெரிந்துவிடுகிறது. மறுநாள் போக விரும்பவில்லை என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முகாமை நடத்துபவர்களுக்கும் இது ஒரு கட்டுப்பாடு, ஏனெனில் நாள்தோறும் பெற்றோரின் செவிக்குப் போகும் என்று தெரிந்த பேச்சில் தானாகவே ஒரு நிதானம் வரும். குறையும் உண்டு: போக்குவரத்தில் நேரம் போகும், வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி கைக்கு வந்துவிடும், காலையில் கூடிய மனஅமைதி மாலையில் கலைந்துவிடும். அந்த மூன்று நாட்களும் வீட்டிலும் மாலைக்குப்பின் திரைகளை அணைத்துவைக்கப் பெற்றோர் உடன்பட்டால் அந்தக் குறையில் பாதி தீரும். அதற்கு மனமில்லாத பெற்றோர், பகல் முகாமால் பயனில்லை என்று சொல்வது நியாயமாகாது.

குடும்ப முகாம் பாதுகாப்பில் முதலிடம் பெறும், பிள்ளையின் விருப்பத்தில் கடைசி இடம் பெறும். 14 வயதுப் பிள்ளை, தாயோ தந்தையோ பக்கத்தில் அமர்ந்திருக்க, தன் ஐயங்களைத் திறந்து பேசாது. பெற்றோரில் ஒருவர் தொண்டராகச் சேர்ந்து, சமையலிலோ வருகைப் பதிவிலோ உதவிக்கொண்டு, தன் பிள்ளையின் குழுவை விட்டு விலகியே இருப்பது இடைவழி. பெற்றோரைத் தொண்டராக ஏற்க மறுக்கும் முகாம், அதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆண்டு காத்திருப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. 12 வயதில் தவறவிட்ட முகாம் 13 வயதில் மறுபடி வரும். அந்த ஓர் ஆண்டில் உறவினர் வீட்டில் தனியாக ஓரிரு இரவுகள் தங்கிப் பழகினால், அடுத்த முறை வீட்டு ஏக்கம் பாதியாகக் குறையும்.

வீட்டு ஏக்கமும் திரும்பி வரும் வழியும்

இரண்டு நல்ல அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் வீட்டு ஏக்கத்தைப் பற்றி 2007இல் வெளியிட்ட மருத்துவ அறிக்கை, முகாமுக்குப் போகும் பிள்ளையிடம் 'பிடிக்காவிட்டால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அப்படிச் சொன்னால், இது உன்னால் முடியாது என்று பெற்றோரே நினைப்பதாகப் பிள்ளை புரிந்துகொள்கிறது. முதல் இரவிலிருந்தே அதன் மனம் இருக்குமிடத்தில் ஒட்டாமல் திரும்பும் நேரத்தையே எண்ணத் தொடங்குகிறது. பிறகு அழைத்துப்போகப் பெற்றோர் தயங்கினால் நம்பிக்கையும் போய்விடுகிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்களோ, எந்த நேரத்திலும் வெளியேறும் வழி பிள்ளைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டும் சரி. இரண்டு வெவ்வேறு வாக்குறுதிகளை ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

வீட்டு நினைவு வந்து அழுகை வந்தால் அது எல்லாருக்கும் வருவதுதான், மறுநாள் காலையில் குறைந்துவிடும், உன்னால் சமாளிக்க முடியும் என்று சொல்லி அனுப்பலாம். வேறொரு நாள், வேறொரு பேச்சாக, இன்னொரு வாக்குறுதியைத் தெளிவாகத் தர வேண்டும்: யாரேனும் உன்னைத் தகாத முறையில் தொட்டாலோ, மிரட்டினாலோ, மருந்தை எடுக்கவிடாமல் தடுத்தாலோ, வீட்டில் சொல்லாதே என்று எதையேனும் சொன்னாலோ, நள்ளிரவானாலும் வருவேன், அதன்பின் உன்னிடம் கோபப்படமாட்டேன். கடைசித் தொடரைச் சொல்லாமல் விடும் பெற்றோர் அதிகம். குருவைப் பற்றிக் குறை சொன்னால் பாவம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு மிகவும் தேவையானது அந்தத் தொடரே.

கைப்பேசிகளை வாங்கிவைக்கும் முகாம்களை நான் பொதுவாக ஆதரிக்கிறேன். மணிக்கொரு முறை தாயின் குரலைக் கேட்கும் பிள்ளைக்கு ஏக்கம் தணியாது, கூடும். ஆனால் வாங்கிவைப்பவர்கள் ஈடாக ஒரு தொலைபேசியை, பொறுப்பாளர் பக்கத்தில் நின்று கேட்காத இடத்தில், பிள்ளை கேட்டதும் பயன்படுத்தும்படி வைத்திருக்க வேண்டும். பெற்றோர் இருவரின் எண்களும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி யுகத்தில் பல பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதைப் புறப்படும் நாளில் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

பிள்ளையின் விருப்பம்

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 14ஆவது உறுப்பில் குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமயச் சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்கிறது. அதே உறுப்பு, குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் ஏற்கிறது. 12ஆவது உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விவகாரங்களில் குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. வீட்டு நடைமுறையில் இதன் பொருள் எளிது. போக மறுக்கும் பிள்ளையை இரவு முகாமுக்கு வற்புறுத்தி அனுப்புவதில் ஆன்மிகப் பயன் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வழிபாட்டின் மீது வெறுப்பை விதைக்க அதைவிட நல்ல வழி இல்லை. பகல் முகாமை ஒரே ஒரு நாள் முயன்று பார்க்கச் சொல்வது வேறு, அது பெற்றோரின் வழிகாட்டலுக்குள் அடங்கும். மறுக்கும் பிள்ளையிடம் காரணத்தை ஒருமுறையாவது பொறுமையாகக் கேட்க வேண்டும். சோம்பல் என்று நினைத்தது, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய அச்சமாக இருந்துவிடக்கூடும்.

கூட்டாளியின் சமயத்தைச் சேர்ந்த முகாமுக்குப் பிள்ளை அழைக்கப்படும்போது, போக அனுமதிப்பதானாலும் பகல் முகாமோடு நிறுத்திக்கொள்வதே இரு குடும்பங்களுக்கும் நல்லது. பெற்றோர் இருவரும் வெவ்வேறு சமயத்தவராக இருந்து ஒருவருக்கு உடன்பாடில்லாவிட்டாலும் அதுவே வழி.

எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது

முதல்முறையாக வீட்டைவிட்டுத் தங்கப்போகும் 12 வயதுப் பிள்ளைக்கு, நடத்துபவர்கள் நன்கு பழகியவர்களாக இருந்தாலும் பகல் முகாமையே நான் பரிந்துரைப்பேன். மிஞ்சிப்போனால் ஓர் இரவு. 13, 14 வயதில், பிள்ளை தானே விரும்பி, உறங்குமிடம், இரவுக் காவல், மருந்து, தொலைபேசி, கடைசி இரவு நிகழ்ச்சி ஆகியவை பற்றி எழுத்தில் பதில் கிடைத்திருந்தால், இரண்டு இரவுகளுக்குச் சம்மதிக்கலாம். எழுத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வாய்மொழியாக எல்லாரும் ஆம் என்றே சொல்வார்கள். எழுதும்போதுதான் இரவுக் காவலுக்கு ஆளே குறிக்கப்படவில்லை என்பது அவர்களுக்கே தெரியவரும். நான்கு இரவுகளுக்கு மேல் நீளும் முகாம் இந்த வயதில் முதல் அனுபவமாக இருக்க வேண்டியதில்லை. அனுமதிப் படிவத்தில் எந்த நிகழ்வுக்கும் அமைப்பு பொறுப்பாகாது என்ற வரி இருந்தால், கையெழுத்திடும் முன் அதன் பொருளைக் கேட்டறிய வேண்டும்.

முகாம் முடிந்து வந்த அன்று பிள்ளையை உறங்கவிட வேண்டும். கேள்விகளை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 'நன்றாக இருந்ததா' என்று கேட்டால் ஆம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். இரவில் என்ன செய்தீர்கள், யார் பக்கத்தில் படுத்தீர்கள், பிடிக்காத நேரம் எது என்று கேட்டால் பேச்சு நீளும். பொங்கிவரும் பக்தியோடு வந்து, இனி எல்லாவற்றையும் துறக்கப்போவதாகச் சொல்லும் பிள்ளையைக் கேலி செய்யாமல், சில மாதங்கள் கழித்தும் அந்த விருப்பம் நீடித்தால் அப்போது பேசலாம் என்று ஏற்றுக்கொள்வது நல்லது. மாறாக, பல நாட்களாகியும் உறக்கமின்மை, தனித்திருத்தல், வழிபாட்டுத் தலத்துக்கு வர மறுத்தல், குறிப்பிட்ட ஒருவரின் பெயர் கேட்டதும் முகம் மாறுதல் ஆகியவை தெரிந்தால் அவற்றைப் பருவ மாற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. பிள்ளை ஏதேனும் சொன்னால், குறுக்கிடாமல் கேட்டு, நம்புவதாகச் சொல்லி, அதன் சொற்களிலேயே தேதியோடு எழுதிவைக்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மீண்டும் மீண்டும் விவரம் கேட்டுத் துருவவும் கூடாது, அது காவல்துறையிலோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிலோ பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. முதலில் போக வேண்டியதும் அவர்களிடமே. முகாமின் பொறுப்பாளரிடம் பேசுவது அதற்குப் பிறகுதான்.